அரைநிலாத் துரு

பேட்ஜின் முதுகு பளபளவென்று மின்னியது. மாப்பிள்ளை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, தன் மூக்கு அதில் தெரிவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமனார்.

"ஊசி சரியாயிடுச்சா?"

"ஆச்சு மாமா. இப்ப சட்டையில குத்தினா கழண்டு விழாது. இன்னொரு வேலையும் பண்ணியிருக்கேன், நேர்ல பாத்தா நீங்களே..."

"வேற எதுவும் பண்ணிடாதீங்க. முக்கியமா பின்னாடி இருக்கிற துருவைத் தொட்டுடாதீங்க. நாளைக்கு எங்க சங்கத் தலைவர் அதைப் பாக்கத்தான் வர்றார்."

மாப்பிள்ளை பேட்ஜைப் பார்த்தார். அதில் தெரிந்த மூக்கு வெளுத்துப் போயிருந்தது.

"துருவையா மாமா?"

"ஊசிக்குப் பக்கத்துல அரைநிலா மாதிரி இருக்குல்ல, அதுதான் அத்தாட்சி. 'மூணு ஆந்தைகள்' பாண்டோட முதல் கச்சேரி அன்னைக்குக் கொட்டுற மழை. பேட்ஜ் இருந்த பெட்டி நனைஞ்சு, எல்லாத்துலயும் அதே இடத்துல அரைநிலாவா துரு பிடிச்சுது. நானே அந்த மழையில நின்னு வாங்கினது. துரு மட்டும் இல்லைன்னு வைங்க, இது தெருவோரத்துல விக்கிற தகரம். ஆமா, என்னமோ பண்ணியிருக்கேன்னீங்களே?"

"ஒண்ணுமில்ல மாமா. பஞ்சு வச்சு ஒரு நல்ல டப்பால போட்டிருக்கேன்."

போனுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "அதை எதுக்குங்க வீட்டை விட்டு வெளிய குடுத்தீங்க? ஊசி வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகுது."

"நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு மாமனார் போனை வைத்தார்.

மாப்பிள்ளைக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. அவருடைய மேசையிலிருந்து கிளம்பும் எதுவும் மெருகு போடாமல் கிளம்பக்கூடாது என்பது பதினோரு வருஷப் பழக்கம். பல்லோ, பல்லைத் தாங்கும் கம்பியோ, கைக்கு வந்தால் சுழலும் பிரஷ்ஷில் காட்டிவிடுவார். ஊசியைச் சரிசெய்ய இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. கை சும்மா இருக்கவில்லை.

மாமனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். உலகத்தில் யாரையும் நம்பி வண்டியைக் கொடுக்கக்கூடாது என்பதே அவருடைய தொழில்முறை அனுபவம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாப்பிள்ளையின் கையில் தன் கார் சாவியை அவர் கொடுத்ததில்லை. முன்சீட்டில்கூட உட்காரவைத்ததில்லை. ஆறு வருஷத்தில் அவர் நம்பி ஒப்படைத்த முதல் பொருள் இந்தப் பேட்ஜ்தான். மகளைச் சொல்லலாம்தான், ஆனால் அது மகள் தானே எடுத்த முடிவு.

அவருடைய கூடத்துச் சுவரில், வெல்வெட் பலகையில், இருநூற்றுப் பன்னிரண்டு பேட்ஜ்கள் இருந்தன. எல்லாம் ராக் பாடகர்கள், பாண்டு குழுக்கள், நீள முடி, கறுப்புக் கண்ணாடி. நடுநாயகமாக மூன்று ஆந்தைகள். ஓர் ஆந்தை கிடார் பிடித்திருக்கும், ஓர் ஆந்தை மேளக் குச்சி பிடித்திருக்கும், நடு ஆந்தை வாயைப் பிளந்து பாடிக்கொண்டிருக்கும்.

பக்கத்து மேசையில் பீங்கான் அக்கா எட்டிப் பார்த்தார். பீங்கான் பற்களுக்கு வண்ணம் தீட்டுபவர் என்பதால் அந்தப் பெயர்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அக்கா, துரு பிடிக்க வைக்கணும்னா என்ன பண்ணணும்?"

"மழையில வைக்கணும்."

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இதுவரை அந்த லேபில் யாரும் யாரிடமும் இப்படி ஒரு சந்தேகம் கேட்டதில்லை. எல்லாரும் துருவைப் போக்கத்தான் வழி கேட்பார்கள். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு அறையிலிருந்து உப்பும் வினிகரும் கொண்டுவந்தார்.

கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவினார்கள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தடவினார்கள். ஒரு தாடைக்குப் பல் அடுக்கிவிட்டு வந்து பார்த்தால் முதுகு முழுவதும் செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தது.

"அரைநிலா கேட்டார், பௌர்ணமியே வந்துடுச்சு," என்றார் அக்கா.

மறுபடி பிரஷ், மறுபடி மெருகு, மறுபடி கழுவல். ஈரம் தங்கினால் வேண்டாத இடத்தில் துரு வந்துவிடுமே என்று மாப்பிள்ளை பேட்ஜை மெழுகு உருக்கும் சூட்டு விளக்கின் அருகில் காட்டினார். பத்தே விநாடிதான் காட்டினார். முன்பக்கத்து மேலுறையில், நடு ஆந்தையின் இடது கண்ணுக்கு நேராக, ஒரு கொப்புளம் எழும்பியது.

"தொடாதீங்க," என்றார் அக்கா.

"லேசா ஊசியால குத்திக் காத்தை எடுத்துட்டா அமுங்கிடும் அக்கா."

குத்தினார். காற்று போயிற்று. விரலால் மெதுவாக அமுக்கி, விரலை எடுத்தார். ஆந்தையின் கண் அவருடைய விரல்நுனியில் இருந்தது.

ஆறு வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்தாயிற்று, இனி டிக்கிதான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

"பழைய படம் ஏதாவது இருக்கா?" என்று அக்கா கேட்டார்.

இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமனார் இந்தப் பேட்ஜை மட்டும் பதினேழு படம் போட்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், சாய்த்து, நிமிர்த்தி, துரு மட்டும் பெரிதாக. ஒன்றைக்கூட யாரும் திறந்ததில்லை. மாப்பிள்ளை ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரல் மட்டும் போட்டிருந்தார்.

இப்போது பதினேழையும் திறந்தார். ஒரு படத்தின் கீழே மாமனார் எழுதியிருந்தார்: 'அன்று எனக்குப் பத்தொன்பது வயது. குடை இல்லை.' மாப்பிள்ளை அதை இரண்டு தரம் படித்தார். மாமனாருக்குப் பத்தொன்பது வயது என்று ஒன்று இருந்திருக்கும் என்பதே அவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

"அப்படி என்னதான் பாடினாங்க இவங்க?" என்றார் அக்கா.

போனில் தேடிப் போட்டார்கள். கிடார் ஒரு பக்கம் ஓடியது, மேளம் ஒரு பக்கம் ஓடியது, பாடியவர் இரண்டையும் துரத்திக்கொண்டிருந்தார். மூன்று பேரும் எங்கே போய்ச் சேருவார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே பாட்டு முடியும்வரை கேட்டார்கள். பிறகு இன்னொன்றும் போட்டார்கள்.

கேட்டுக்கொண்டே அக்கா கண் வரைந்தார். மற்ற ஆந்தைகளுக்கெல்லாம் பளீர் மஞ்சள் கண். அக்காவிடம் இருந்ததோ பல்லின் வண்ணங்கள்.

"இது நாப்பது வயசு, தினம் நாலு காபி குடிக்கிறவரோட கடைவாய்ப்பல். நம்மகிட்ட இருக்கிறதுலயே மஞ்சள் இதுதான்."

"வித்தியாசம் தெரியாதே அக்கா?"

"கண்ணை மட்டும் பாத்தா தெரியும். கண்ணு மூணு ஜோடி இருக்கே, ஒண்ணை யாரு பாக்கப்போறா?"

கடைசியாக மாப்பிள்ளைக்கு மூளை வேலை செய்தது. பல் அச்சு எடுக்கும் மெழுகை உருக்கி, பேட்ஜின் முதுகு முழுவதும் பூசினார். மாமனாரின் எட்டாவது படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அரைநிலா அளவுக்கு மட்டும் மெழுகைச் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் உப்பையும் வினிகரையும் விட்டார். சாயங்காலம் மெழுகை உரித்தபோது, அச்சு அசலாக அரைநிலா. நிறம்தான் பழைய துருபோல் கறுப்பாக இல்லாமல் ஆரஞ்சுப் பழம்போல் இருந்தது. அதற்கு மேல் கைவைக்க அவருக்குத் தைரியமில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு மாமனார் வீட்டுக்குத் தலைவர் வந்தார். பேட்ஜ் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர்; பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பேட்ஜைக் கைக்குட்டையில் வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸ் எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். மாமனார் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது.

"அரைநிலா இருக்கு," என்றார் தலைவர். பிறகு, "ஆனா துரு புதுசாத் தெரியுதே," என்றார்.

மாப்பிள்ளையின் சட்டை முதுகோடு ஒட்டியது.

"முந்தி கறுப்பாத்தான் இருந்துச்சு," என்று மாமனார் குழப்பத்தோடு எழுந்து வந்தார்.

"காத்துல ஈரம் ஜாஸ்தி மாமா," என்றார் மாப்பிள்ளை. தன் வாய்தான் பேசுகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தலைவர் யோசித்தார். "அது சரிதான். துருவுல உயிர் இருந்தா இப்படித்தான் சிவந்து வரும். செத்த துருதான் கறுக்கும். இவ்வளவு வருஷம் கழிச்சு உயிரோட இருக்குன்னா பாருங்க, அந்த மழை அப்படி."

மாமனார் தலையாட்டினார். தலைவர் பேட்ஜைத் திருப்பினார். முதல் ஆந்தை, இரண்டாம் ஆந்தை, நடு ஆந்தை. அங்கே லென்ஸ் நின்றுவிட்டது.

"இந்தக் கண்ணு அச்சடிச்சது இல்ல. கையால வரைஞ்சது."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். தலைவர் முந்திக்கொண்டார்.

"முதல் கச்சேரியில மேடைக்குப் பின்னாடி, பாடகர் பொழுது போகாம சில பேட்ஜ்ல கண்ணு வரைஞ்சார்னு சங்கத்துல ஒரு பேச்சு உண்டு. நான் நம்பினதே இல்ல." லென்ஸைக் கழற்றியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. "நிறத்தைப் பாருங்க. இந்த மாதிரி மஞ்சளை இப்ப எந்தக் கம்பெனி செய்யுது?"

கம்பெனி பெயர் மாப்பிள்ளைக்குத் தெரியும்.

மாமனார் பேட்ஜை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தனை வருஷமா வச்சிருக்கேன், எனக்கே தெரியலையே," என்றார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, உங்க கையில குடுத்தேன். வேற எவனாவதா இருந்தா மெருகு போடறேன்னு கெடுத்திருப்பான்."

சட்டைப்பைக்குள் கையை விட்டு, கார் சாவியை எடுத்து நீட்டினார்.

"தலைவரை வீட்ல விட்டுட்டு வருவோம். நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உட்காந்துக்கறேன்."

ஆறு வருஷமாக எதிர்பார்த்த சாவி. மாப்பிள்ளைக்கு அது கையில் சுட்டது. பத்தொன்பது வயதில் குடையில்லாமல் நின்ற ஒரு பையனை ஏமாற்றிவிட்டோம் என்று மனசு அரித்தது. "தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன் மாமா," என்று சமையலறைக்குள் போனார். அத்தையிடமாவது சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

அத்தை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கதவோரமாக நின்றார்.

"அத்தை, அந்தத் துரு..."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன மெழுகுத் துணுக்கை எடுத்து அவர் கையில் வைத்தார். "பேட்ஜோட விளிம்புல ஒட்டியிருந்துது. தலைவர் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்."

"அத்தை, நான் வேணும்னு செய்யல..."

"மெழுகு நல்ல யோசனை, எனக்குத் தோணல, நான் நெயில் பாலிஷ்தான் பூசினேன்," என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "ஆனா உப்பு மட்டும் போட்டா இப்படித்தான் பளிச்சுனு வரும் மாப்பிள்ளை, அவர் மழையில வாங்கின பேட்ஜ் சட்டையோட வாஷிங் மெஷின்ல போயிட்டப்ப தெருவோரத்துல புதுசா ஒண்ணு வாங்கி, ரெண்டு ஸ்பூன் டீத்தூளும் சேத்துல்ல நான் ஊற வச்சேன்."