வாணாம் நைனா வாங்கிக்கொண்டது

அரசாங்கமே நேரில் வந்து காலில் விழுந்திருந்தாலும், எழுந்திரு, ஓசி வாணாம் என்று சொல்லி அனுப்பியிருக்கக்கூடிய மனிதர் தமிழ்நாட்டில் ஒருவர்தான். அவர் திருத்தணியில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்று தெரியாது. ஊருக்கு அவர் வாணாம் நைனா.

தபால் ஆபீசில் வேலை பார்த்த நான் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். பொங்கல் பரிசா, வாணாம். இலவச வேட்டியா, வாணாம். ரேஷன் அரிசிக்கு எல்லோரும் பையோடு கிளம்பும்போது, இவர் இஸ்திரிப் பெட்டியில் கரியை விசிறிக்கொண்டே நோய் கண்டுபிடிப்பார். இவன் ஏழையானது தூக்கத்தால், அவன் ஏழையானது சீட்டாட்டத்தால், அந்த வீட்டைக் கெடுத்தது செல்போன். விடியுமுன் எழுந்தால் வறுமை ஓடிப்போகும் என்பது அவர் கட்சி. ஆயுள் முழுக்க விடியுமுன் எழுந்தவர் வீட்டுக்கு இன்னும் ஷீட் கூரைதானே என்று ஒருமுறை சொல்லிக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்திருக்க வேண்டும் என்றார்.

அவர் மனைவி சரசம்மா கெட்டிக்காரி. இலவச மிக்சி கொடுத்தபோது அவருக்குத் தெரியாமல் வாங்கி என் சமையலறையில் வைத்துவிட்டாள். தினமும் கிண்ணத்தோடு வந்து சட்னி அரைத்துக்கொண்டு போவாள். நைனா அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அம்மியில் அரைத்த ருசி எந்த மிஷினுக்கும் வராது என்று வண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்வார். நாங்களும் தலையாட்டுவோம்.

மலையடிவாரத்தில் பூ விற்கும் குப்பம்மாவின் புருஷன் குடித்தே செத்தான். சாவு வீட்டிலேயே நைனா ஆரம்பித்துவிட்டார். அவனாகத் தேடிக்கொண்டது, இதற்கு அரசாங்கம் என்ன செய்யும் என்றார். பாடை கட்ட வந்தவர்கள்கூட முகம் சுளித்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே வண்டியை மூடிவிட்டு, குப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு விதவை பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்தவரும் அதே நைனாதான். கை நீட்டி வாங்கக் குப்பம்மா கூசியிருக்கிறாள். அப்போது அவர் சொன்னதை அவள் இன்றுவரை பூ வாங்குகிறவர்களிடம் சொல்கிறாள்.

"இது ஓசி இல்ல கண்ணு. நீ ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் அதுல வரி கட்ற. உன் காசு உனக்கு வருது."

நான் விடவில்லை. அவனாகத் தேடிக்கொண்டது என்றீர்களே, இப்போது மட்டும் என்ன என்று மடக்கினேன்.

"குடிச்சதுக்கு அவன் பொறுப்புங்கம்மா. புள்ளைங்க பசியோட கீதே, அதுக்கு அதுங்களா பொறுப்பு?" என்றார்.

பிறகு எங்கள் துணிகளில் சூடு விழ ஆரம்பித்தது. முதலில் என் காட்டன் புடவையின் முந்தானை, அப்புறம் எதிர்வீட்டு வாத்தியாரின் சட்டை, குப்பம்மா மகனின் பள்ளிக்கூட டிராயர். நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முந்தானையை உள்பக்கமாக மடித்துக் குத்திக்கொண்டு நான் வேலைக்குப் போனேன்.

ஆடிக் கிருத்திகைக்குப் பந்தோபஸ்துக்கு வந்த ஒரு போலீஸ்காரரின் காக்கி பேண்ட்டில், உட்காரும் இடத்தில், முழுப் பெட்டியும் பதிந்தபோது விஷயம் கைமீறியது. பாவம், அந்த மனிதர் காவடிக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமலே காவல் காத்தார். நைனாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் நைனாவுக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டி திறக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு கிடையாது என்று ஆள் மாற்றி ஆள் போய்ச் சொன்னோம். வாணாம் என்றார். சம்பாதித்துத் தனியாரில் செய்துகொள்வாராம். கண் தெரியாமல் எதைச் சம்பாதிப்பது என்று சரசம்மா அழுதாள். கண் போனால் பெட்டி போகும். பெட்டி போனால், இத்தனை காலம் அவர் வாசல் வாசலாக ஏசிய வறுமை அவர் வாசலுக்கே வந்து நிற்கும். எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் குப்பம்மா பூக்கூடையோடு வந்தாள்.

"நைனா, தெனம் கரி பத்த வச்சிகினு இருந்தியே, தீப்பெட்டி யார் காசு?"

"என் காசுதான்."

"அப்போ இதுவும் உன் காசுதான். எழுந்து வா."

நைனா சுவரைத் தடவிக்கொண்டே எழுந்தார். பிறகு "ஆங்" என்றார். அந்த வாயிலிருந்து சம்மதம் வந்ததை நாங்கள் கேட்டது அன்றுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வேலை செய்யலாம் என்றதும் முதல் காரியமாக வண்டியை ஆஸ்பத்திரிக்கே தள்ளிக்கொண்டு போய், வேண்டாம் வேண்டாம் என்று நர்சுகள் கெஞ்சக் கெஞ்ச, வார்டு திரைச்சீலைகளையெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வந்தார்.

அடுத்து என் புடவை அவர் கைக்குப் போனது. முந்தானையைப் பிரித்தவர், இதை யார் சுட்டது என்று கேட்டார். அரக்கோணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஒருத்தன் சுட்டுவிட்டான் என்றேன். வாத்தியார் சட்டையைச் சுட்டதும் அரக்கோணத்தான். குப்பம்மா மகனின் டிராயரும் எப்படியோ அரக்கோணம் போய் வந்திருந்தது. தொழில் தெரியாத அந்த அரக்கோணத்தானை நைனா அரைநாள் திட்டித் தீர்த்தார்.

சாயங்காலம் புடவையை வாங்கப் போனேன். ஆறிப்போன பெட்டியை முந்தானையின் தழும்புமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சாகப் பொருந்தியிருந்தது. என்னைக் கண்டதும் பெட்டியை எடுத்துவிட்டு, தழும்பு உள்ளே போகும்படி புடவையை மடித்துக் கொடுத்தார்.

அத்தனை வருஷத்தில் எங்கள் தெரு அவருக்குத் தெரிந்தே ஓசியாகக் கொடுத்தது அந்த ஒரு பொய்யைத்தான். அதை மட்டும் அவர் வாணாம் என்று சொல்லவில்லை.