மூத்த மருமகன் மாற்றிய ஷாக் அப்சார்பர்

கல்யாண வீட்டில் மூத்த மருமகனை வேலையில்லாமல் விடக் கூடாது. விட்டால் அவனே ஒரு வேலையைத் தேடிக்கொள்வான். என் கொழுந்தியாள் கவிதாவின் கல்யாணத்தில் பந்தலுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர் என்று மாமனார் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் மட்டும், "வந்தவுகள வாங்கன்னு சொல்லுங்க மாப்ளே, அது போதும்" என்றார். எனக்கு அது போதவில்லை.

என்னிடம் ஒரு கார் இருந்தது. நாட்டரசன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய சீமைக் கார். அதை வாங்கி, கூரையை அறுத்து, முன் மட்கார்டுகளைக் கழற்றி, பானெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எஞ்சின் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இதற்கு ஹாட் ராட் என்று பெயர். காரைக்குடியில் 'அந்த மூடியில்லாத வண்டி' என்று பெயர். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று நானே அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை (யாரையாவது கேட்டிருந்தால்தானே).

ஒரு குறைதான். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்துப்போயிருந்தன. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடுத்த தெரு வரைக்கும் கார் ஊஞ்சல் ஆடும்.

அது மனதில் பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் காருக்கு உரிய ஷாக் இப்போது வருவதில்லை. வேறு வண்டியினுடையதைத்தான் பொருத்த வேண்டும். ஜீப்பினுடையதா, வேனினுடையதா? எண்ணெயா, கேஸா? சாப்பிட்ட கையோடு எழுந்துபோய்க் காருக்கு அடியில் படுப்பேன். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில், வாசலில் நின்ற வண்டிகளுக்குக் கீழே எல்லாம் குனிந்து பார்த்தேன். ஒரு வீட்டில், "பூனைக்குட்டி எதுவும் கிடக்கா?" என்று கேட்டார்கள்.

"செத்த நேரம் ஒரு எடத்துல இருக்க மாட்டீகளா?" என்றாள் என் மனைவி வள்ளி. "மாப்பிள்ளை பாக்கக்கூட நாங்க இம்புட்டு அலையல. இந்த ரெண்டு குழாய்க்குப் போயி இந்தப் பாடு படுறீக."

மெக்கானிக் முருகேசனும் நானும் காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளந்தோம். காரைத் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும், கிடைப்பது ஷாக் முழுதாக விரிந்து நிற்கிற நீளம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மதுரைக் கடைக்குப் போன் செய்து அளவைச் சொன்னேன்.

"இது விரிஞ்ச நீளமா சார், அமுங்குன நீளமா?" என்றார் கடைக்காரர்.

எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"அமுங்குன நீளந்தான்" என்றேன் கம்பீரமாக.

"அப்ப லாரி சைஸ்ல போகணுமே சார்."

"அதைத்தான் எதிர்பார்த்தேன்."

கல்யாணத்துக்கு முதல் நாள் பகலில்தான் பார்சல் வந்தது. சாய்வாக மாட்டுவதற்குக் காரின் தரைத் தகட்டில் புதிதாக ஒரு பிராக்கெட்டை வெல்டிங் வைத்து மாட்டினோம். ஜாக்கியை இறக்கினால் காரின் பின்பக்கம் இறங்கவில்லை. மாடு வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. ஷாக் ஏற்கெனவே முழுதாக அமுங்கிவிட்டது. இனி அமுங்க அதற்கு இடமில்லை.

"பின்னாடி எறங்கலையேண்ணே" என்றான் முருகேசன்.

"எறங்கக் கூடாது முருகேசா. ஹாட் ராட்னா பின்னாடி தூக்கித்தான் நிக்கும்" என்று போனில் வெளிநாட்டுப் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "கெத்தாத்தாண்ணே இருக்கு" என்றான் அவனும். பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடவில்லை. அப்படியொரு திருப்தி எனக்கு.

சாயங்காலம் பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளை பாஸ்கரும் அவருடைய தாய்மாமனும் பின்சீட்டில் ஏறினார்கள். பாஸ்கர் காளையார்கோவில் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். தாய்மாமன் கனத்த உடம்பு. ஏறியதும் இருவரும் மெல்ல என் முதுகை நோக்கிச் சரிந்து வந்தார்கள்.

"வண்டி எறக்கத்துலயா நிக்கிது?" என்றார் தாய்மாமன்.

"இல்லைங்க, டிசைன்" என்றேன்.

எஞ்சின் போட்ட சத்தத்திலும் புகையிலும் ஊர்வலம் எங்களை விட்டு நன்றாக முன்னே தள்ளிப் போய்விட்டது. நாதஸ்வரம், தவில், தட்டேந்திய பெண்கள் எல்லோரும் தெரு முனைக்குப் போனபோது நாங்கள் கல்யாண மண்டபத்துத் தெருவின் வேகத்தடையில் ஏறினோம். இறங்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். துருப்பிடித்த தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஷாக்கின் தலை மேலே வந்து மாப்பிள்ளையின் கால்களுக்கு நடுவே நின்றது. கூடவே காரின் பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது.

நல்லவேளை, காலில் படவில்லை. ஆனால் பட்டு வேட்டியின் கரை, கிழிந்த தகட்டுக்கும் ஷாக்கின் தலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். ஜாக்கி வீட்டில் இருந்தது. காருக்குப் பின்னாலேயே நடந்து வந்த முருகேசன் அதை எடுக்க ஓடினான். ஊர்வலத்தில் இருந்தவர்களுக்குப் போன் செய்தேன். தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"இதுவும் டிசைனா?" என்றார் தாய்மாமன்.

நாதஸ்வரம் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறார்கள். காணோம். மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று யாரோ சொல்ல, என் மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம்.

தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. கவிதா. பாதி அலங்காரத்தில், தலையில் பூ ஒரு பக்கம் மட்டும் தொங்க, அவளே வந்துவிட்டாள். சிவகங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பதறி நான் பார்த்ததில்லை. காரைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"அத்தான், ஒங்க வேட்டியக் கழட்டி அவுககிட்டக் குடுங்க."

"நான் என்னத்தக் கட்டுறது?"

"நீங்க வண்டியவிட்டு எறங்கலைன்னா யாருக்கும் தெரியாது."

அவள் திரும்பி நின்றாள். பாஸ்கர் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, என்னைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். தாய்மாமன் நடந்தே போனார். நான் டிரவுசரோடு, மாப்பிள்ளை வேட்டிக்குக் காவலாக, கூரையில்லாத காரில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன அத்தனை பேரும் நின்று விசாரித்தார்கள். மண்டபத்தில் கைத்தட்டலும் விசிலும் கேட்டன. மணப்பெண் மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியதற்கு, அந்த மண்டபத்தில் அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத வரவேற்பாம்.

அவர்கள் நன்றாக வாழ்கிறார்கள். ஸ்கூட்டரில் வந்த ராசி என்று எல்லோரும் பேச, அதுதான் வினையாகிவிட்டது. அடுத்து நடந்த கல்யாணத்தில், அந்தத் தாய்மாமனின் மகள் தானும் ஸ்கூட்டரில்தான் மாப்பிள்ளையை அழைத்து வருவேன் என்றாள். அதற்கடுத்து இன்னொருத்தி. போன மாதம் இளையாத்தங்குடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி, என் பக்கத்தில் நின்ற பாஸ்கரின் தாய்மாமனிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது என்ன முறைங்க, எங்க பக்கமெல்லாம் இல்லையே?"

"எங்களுக்குப் பரம்பரை வழக்கம்" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "வேணும்னா இவுகளக் கேளுங்க. ஆரம்பிச்ச குடும்பம் இவுகதான்."

சம்பந்தி என்னை நோக்கிக் கைகூப்பினார். நானும் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன்.