மந்தி முகத்தில் மீசோதெரபி

ஒரு காட்டில், ஆம், நம் கதைகளில் வழக்கமாக வரும் அதே காட்டில்தான், குஞ்சிதம் என்றொரு மந்தி இருந்தாள். மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. கிளை கிளையாகத் தாவிக் குதித்திருக்க வேண்டியவள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பர்வதம் அவளைப் பார்த்து, "பொண்ணோட பாட்டியும் வந்திருக்காங்களே, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். எனக்குத் தெரியாதா?

கல்யாணத்துக்கு முதல் நாள் குஞ்சிதம் முள்ளம்பன்றி டாக்டரிடம் ஓடினாள்.

"இதுக்கு மீசோதெரபின்னு பேரு" என்றார் டாக்டர். "முகம் முழுக்கப் பொடிப்பொடியா குத்தி, தோலுக்குள்ள சத்து மருந்து வைப்பேன். மரத்துப்போற களிம்பு தடவிடறதால வலி அவ்வளவா தெரியாது. ஆனா சிவக்கும், வீங்கும், அங்கங்க கன்னிப்போகும். அடங்க சில நாள் ஆகும். பொலிவும் ஒரே தடவையில வந்துடாது, மறுபடி மறுபடி வரணும். வீட்டுல விசேஷம் ஏதாவது இருக்கா?"

"நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"அப்ப வேணாம்மா. அடுத்த மாசம் வாங்க."

"என்னைப் பாட்டின்னுட்டா டாக்டர்! குத்துங்க!"

முதுகு நிறைய முள்ளை வைத்துக்கொண்டு அவரும் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்? குத்திவிட்டார்.

விடிந்தபோது குஞ்சிதத்தின் முகம் பூரியாக உப்பியிருந்தது. அதன்மேல் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அவள் பந்தலுக்குள் நுழைந்ததும் நாயனம் ஊதிய நரிக்கு மூச்சு நின்றுபோனது.

"ஐயையோ, அம்மை போட்டிருக்கு!" என்று அலறியது கூட்டம். "அம்மை போட்ட வீட்டுல கல்யாணம் பண்ணக் கூடாது. மாலையைக் கழட்டுங்க!"

மாப்பிள்ளை வீட்டார் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மணப்பெண் ஓவென்று அழுதாள். குஞ்சிதம் மகளைப் பார்த்தாள். மகளைவிட மூஞ்சி பெரிதா என்ன? ஊசி போட்டுக்கொண்டதை ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தாள். இங்கே அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள். வீங்கிய வாயிலிருந்து "உர்ர்ர்" என்றுதான் வந்தது.

பர்வதம் தடாலென்று காலில் விழுந்தாள். "ஆத்தா! சம்பந்தியம்மா மேல இறங்கி வந்துட்டியா!"

குஞ்சிதம் கொஞ்சம்தான் யோசித்தாள். வாய் எப்படியோ சரியாகிவிட்டது.

"தாலியைக் கட்டச் சொல்லுடி!"

"இதோ சொல்றேன் ஆத்தா!"

"வேப்பிலையால விசிறு!"

"விசிறிட்டேன் தாயே!"

"போட்டோவுல நான்தான் நடுவுல!"

"நீயேதான் தாயே!"

கெட்டிமேளம் கொட்டியது. மகள் சிரித்தாள். குஞ்சிதத்துக்கு வந்து குவிந்த இளநீருக்குக் கணக்கே இல்லை.

சில நாளில் வீக்கம் வடிந்தது. முகம் நிஜமாகவே கொஞ்சம் பளபளத்தது. ஒரு குரங்கு திரும்பிப் பார்க்க வேண்டுமே! பர்வதம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சும்மாதானே இருக்கீங்க, பேன் பாருங்க."

குஞ்சிதம் ஒரே ஓட்டமாக டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், பொலிவு கிடக்கட்டும். அந்த வீக்கத்தை மட்டும் வடியாம பண்ண முடியுமா?"

நீதி: அழகாக இருந்தால் பேன் பார்க்கச் சொல்வார்கள், வீங்கியிருந்தால் காலில் விழுவார்கள். ஆகவே டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் நாளாகப் பார்த்து ஊசி போட்டுக்கொள்க.