மூன்றரை டிகிரி பொய்

தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியதும் தராசு ஆய்வாளருக்குக் கணவர் மேல் வந்தது பரிதாபமல்ல, சந்தேகம்.

நாளைக் காலை அவளுக்குப் பதவி உயர்வு நேர்காணல். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர்தான் லீவு போட்டிருந்தார். உயர்வு கிடைத்தால் வேறு ஊருக்கு மாற்றல் என்று தெரிந்ததிலிருந்தே மனிதர் முகம் சரியில்லை. இப்போது நேரம் பார்த்துக் காய்ச்சல்!

கடைத் தராசின் பத்து கிராம் ஏய்ப்பைத் தெருமுனையிலிருந்தே மோப்பம் பிடிப்பவளிடமா இந்த வேலை?

"எனக்கும்தான் நாலு நாளாத் தொண்டை கரகரங்குது. தூசின்னு விட்டுட்டு வேலைக்குப் போகலையா?"

"பேப்பர்ல போட்டிருக்கான்மா," என்று போர்வை முனகியது. "வைரஸ் வந்தா பொம்பளைங்க உடம்பு உடனே சண்டைக்கு நிக்குமாம். ஆம்பளை உடம்புதான் அசந்துடுமாம்."

"ஓஹோ! சண்டை போட நாங்க, படுத்துக்க நீங்களா?"

ஒரு கருவியைச் சோதிக்க, அளவு தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். அவள் தொழிலில் அதுதான் பால பாடம். அந்த வீட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பொருள் அவள் ஒருத்திதான். தெர்மாமீட்டரைத் துடைத்துத் தன் அக்குளில் வைத்தாள்.

நூற்றிரண்டு!

"பார்த்தீங்களா? தொண்ணூத்தெட்டரை இருக்கவேண்டிய எனக்கே கருவி மூணரை டிகிரி கூட்டிக் காட்டுது. உங்க நூத்தொண்ணுல அதைக் கழிச்சா தொண்ணூத்தேழரை. குத்துக்கல்லு மாதிரி இருக்கீங்க. எழுந்து தரையைத் துடைங்க!"

அவர் பாதித் தரை துடைத்து, வாளியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "வேற ஒண்ணு வாங்கிப் பாரேன்," என்று கெஞ்சினார்.

வாங்கினாள். முதலில் தன் மேல் சோதித்தாள். அதே நூற்றிரண்டு. இன்னொரு கம்பெனியுடையது வாங்கினாள். நூற்றிரண்டு சொச்சம். ஊரையே ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

மூன்று தெர்மாமீட்டர், அடையாள அட்டை, அரக்கு, முத்திரை சகிதம் மருந்துக்கடைக்குப் படையெடுத்தாள்.

"தெர்மாமீட்டரும் எங்க துறைக்குள்ளதான் வருது, தெரியுமில்ல? நல்லா இருக்குற என் வீட்டுக்காரருக்கு நூத்தொண்ணு, எனக்கு நூத்திரண்டாம்! உங்க சரக்கு மொத்தமும் மூணரை டிகிரி பொய் சொல்லுது. சீல் வைக்கப் போறேன்!"

"இருங்க மேடம்."

கடைக்காரம்மா பதறவில்லை. மூன்றையும் கழுவி, ஒவ்வொன்றாகத் தன் அக்குளில் வைத்து எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

மூன்றிலும் தொண்ணூற்றெட்டரை.

அவள் அரக்கைப் பைக்குள் திரும்பப் போட்டாள். வாளியோடு உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே இருமலும் வந்தது.

"நாலு நாளா இருமல் மாத்திரை வாங்கிட்டுப் போறது நீங்கதானே?" கடைக்காரம்மா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "சீல் வைக்கிறதா இருந்தா உங்க வீட்டுக் கதவுக்கு வைங்க மேடம், காய்ச்சலை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே நீங்கதான்!"