மூன்றாம் வலயத்தில் தீ

யூஜினா மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது அங்கே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அந்த மாடியில் குடியிருந்த ஜாபிரின் வீட்டிலிருந்து ரோல்ஸ் பொரிக்கும் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த போனில் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது: தீ எச்சரிக்கை, மூன்றாம் வலயம்.

யூஜினா தயங்கவில்லை. கதவு கதவாகத் தட்டி, இருந்தவர்கள் எல்லோரையும் படியால் கீழே இறக்கிவிட்டாள். கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஜாபிர் ஒரு கன்னத்தில் சவர நுரையோடும் மறு கன்னத்தில் அது இல்லாமலும் இறங்கி வந்தார். இருபது நிமிடம் வீதியோரம் நின்றார்கள். எதுவும் எரியவில்லை.

"நெருப்புண்டா முதல்ல மணிதானே அடிக்கணும்?" என்றார் ஜாபிர். "மணி எங்க?"



கொட்டாஞ்சேனையில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட அந்த மாடிக் கட்டிடத்துக்கு அவள்தான் செயலாளர். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் லிகிதராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். பக்கத்து வீதியில் ஒரு வீடு எரிந்து, மேல்மாடிக்காரர்கள் விஷயமே தெரியாமல் தூங்கிக் கிடந்ததாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கும் தூக்கம் போய்விட்டது. எட்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். கடைசிக் கையெழுத்து ஜாபிருடையது. அவர் அதை ஏதோ கிட்னியைத் தானம் கொடுப்பவர்போலப் போட்டார்.

அப்படி வந்ததுதான் கீழ்த்தளச் சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டி. மாடிக்கு ஒரு வலயமாக, ஒவ்வொரு மாடியிலும் புகை கண்டுபிடிக்கும் கருவி. பெட்டிக்குள் ஒரு சிம். புகை வந்தால் பெட்டி மணியை அடிக்கும், கொடுத்து வைத்த போன் நம்பர்களுக்கெல்லாம் அழைப்பும் எடுக்கும். சுவரில் பூட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பூட்டிய டெக்னீஷியன் பிரியந்தனுக்குப் போன் எடுத்தாள். அவன் யாழ்ப்பாணத்தில் வேறு வேலையில் நின்றான். பெட்டிப் பூட்டின் திறப்பும் அவனோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. ஆனால் கவலைப்பட வேண்டாம் என்றான். பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் சிம் நம்பருக்கு 'பெல்' என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் மணி அடிக்கும்.

யூஜினா அனுப்பினாள். மணி அடிக்கவில்லை. மறுபடி அனுப்பிவிட்டு, கதிரையில் ஏறி மணியில் காதை வைத்துக் கேட்டாள். மணிக்குள் எறும்பு ஊரும் சத்தம்கூட இல்லை.

"வயர் லூஸா இருக்கும் அன்ரி," என்றான் பிரியந்தன். "நான் அடுத்த சனிக்கிழமை வாறன். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் அனுப்பிப் பாருங்கோ. சில நேரம் தானா வேலை செய்யும்."

அன்றிலிருந்து காலையில் பிரஷர் குளிசையோடு ஒரு 'பெல்', பின்னேரத் தேத்தண்ணீருக்கு முன் ஒரு 'பெல்'. குளிசையை மறந்தாலும் அவள் பெல்லை மறக்கவில்லை. கணவர் சவுந்தரநாயகம் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து மணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிப்போட்டுப் போவார்.

மணிதான் ஊமை, போனாவது பேசட்டும் என்று யோசித்தாள். அதுவரை பெட்டியில் அவளுடைய நம்பர் மட்டும்தான் இருந்தது. பிரியந்தனிடம் முறையைக் கேட்டு, இருபத்துநான்கு வீட்டு நம்பர்களையும் மெசேஜிலேயே பெட்டிக்கு ஏற்றினாள். அதற்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு இருபத்துநான்கு போன்களும் அடித்தன. வங்கியில் வேலை செய்த ஏழாம் மாடிக்காரர் மீற்றிங்கை விட்டுவிட்டு ஓடி வந்தார். கல்கிசையில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஐந்தாம் மாடி அம்மா த்ரீவீல் பிடித்து வந்து இறங்கினார். நெருப்பு எங்கே என்று எல்லோரும் யூஜினாவைக் கேட்டார்கள். மூன்றாம் வலயம் என்று அவள் மேலே கையைக் காட்டினாள். எல்லோருடைய கண்ணும் ஜாபிரின் மனைவி பீபியிடம் போனது.

பீபி ஓடருக்கு ரோல்ஸ் செய்து கொடுப்பவள். மூன்றாம் மாடியில் எண்ணெய்ச் சட்டி ஓயாத வீடு அது ஒன்றுதான். யூஜினா அன்று மாலை போய், பிரியந்தன் வரும்வரை பொரிப்பதை நிறுத்த முடியுமா என்று தயவாகத்தான் கேட்டாள். பீபி உடனே அடுப்பை அணைத்தாள். 

அடுப்பு அணைந்து கிடந்த மூன்று நாளில் போன் நான்கு தடவை அடித்தது.

இதற்கிடையில் ஆங்கிலத்தில் சொல்வது விளங்கவில்லை என்று சிலர் முறைப்பட்டார்கள். அதையும் தீர்த்து வைப்போம் என்று யூஜினா பெட்டியின் நம்பருக்கு அழைப்பு எடுத்து, பீப் சத்தத்துக்குப் பிறகு தன் குரலிலேயே தமிழில் பதிந்தாள். பள்ளிக்கூட நாட்களில் கோயிலில் வாசகம் வாசித்த குரல் அது. நிறுத்தி, அழுத்தி, அழகாகச் சொன்னாள். போனை வைத்தாயிற்று என்றுதான் நினைத்தாள்.

வியாழக்கிழமை இருபத்துநான்கு வீட்டாரும் கேட்டது இது: "தீ எச்சரிக்கை. மூன்றாம் வலயம். லிப்டில ஏறாதேங்கோ. படியால உடனே இறங்குங்கோ. சொதி பிரிஜ்ஜில இருக்கு, சூடாக்கிக் குடியுங்கோ."

ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் வரவேயில்லை. நாலாம் மாடியிலிருந்து யாரோ கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி அழைப்பு வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் மட்டும், இன்றைக்கு என்ன சொதி என்று ஒருவர் கேட்டிருந்தார். யூஜினா ஏழு மாடியும் ஏறினாள். தட்டினாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. வாசலில் தனியாக வந்து நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். சவுந்தரநாயகம் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"நெருப்பில்லை எண்டு எனக்கும் தெரியும்," என்றார். "நீர் தனிய நிக்கிறீர் எண்டு வந்தனான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையாக நெருப்பு வரும் நாளில் இந்தச் சனம் சோபாவை விட்டு எழும்பாது. எட்டு மாதம் அலைந்து அவள் செய்து வைத்த வேலை அதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் கார் விடும் இடத்தில் கூட்டம். பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று ஜாபிர் பிரேரணை கொண்டுவந்தார்.

"செயலாளர் நல்ல மனுஷி, நான் குறை செல்லல்ல. ஆனா இந்தப் பெட்டிய கழட்டினா எல்லாரும் நிம்மதியா ஈக்கலாம்."

யூஜினா எழுந்தாள். மற்றவர்களைப் பார்க்காமல் பீபியின் பக்கம் திரும்பினாள்.

"பீபி, உங்கட அடுப்பில பிழை இல்ல. உங்களை அடுப்பை அணைக்கச் சொன்னது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. பீபி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போன் எத்தனை தரம் அடித்தாலும் யூஜினா ஒருத்திதான் ஒவ்வொரு தடவையும் மூன்றாம் மாடிவரை ஓடி வந்ததாகவும், தன் வீட்டுக் கதவை முதலில் தட்டியதும் அவள்தான் என்றும் மெல்லச் சொன்னாள். ஜாபிர் தாடையைச் சொறிந்தார். ஆனாலும் பிரேரணை பிரேரணைதான். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தன் கையையும் உயர்த்திவிடலாமா என்று யூஜினாவுக்கே தோன்றியது.

அந்த நேரத்தில் கேற் திறந்தது. பிரியந்தன் வந்தான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பின்னால், முன்பின் தெரியாத ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஓர் அடையாள அட்டை, ஒரு கையில் பிளாஸ்திரி. இரத்மலானையில் ஒரு தையல் ஆலையில் சுப்பர்வைசர் என்றும், பெயர் டில்ஷானி என்றும் சொல்லி, இங்கே செயலாளர் யார் என்று கேட்டாள்.

இன்னொரு முறைப்பாடு என்று நினைத்து, யூஜினா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

டில்ஷானி நேரே வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவர் உங்கட சிம்மை எங்கட பெட்டியில மாறிப் போட்டிட்டார் மிஸ், பதினொரு நாளா நீங்க அடிச்ச மணிக்கெல்லாம் முதலாளிதான் சோதிக்கிறார் எண்டு திட்டித் திட்டி இறங்கிப் பழகினதாலதான், நேத்து ரெண்டு மணிக்கு எங்கட மூன்றாம் வலயத்தில, எப்பவும் ஆவி பறக்கிற அயன் பண்ணுற இடத்தில நெருப்புப் பத்தேக்க நூற்றியெண்பது பேரும் ரெண்டு நிமிஷத்தில வெளியில நிண்டம்."