முகம் பார்த்து மழை சொன்ன அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். உன் நலத்தை அறிய ஆவல்பட்டுத்தான் இவ்வளவு வினையும் வந்தது என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். அம்மா சுகம். நான் சுகமாக இருக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு.

நீ வேலைக்குப் போய் நாலு மாதமாகிறது. வீடியோ காலில் நீ காட்டுவதெல்லாம் உன் அறையின் மின்விசிறியைத்தான். நாங்கள் இருவரும் அந்த விசிறியிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். தப்பு என்னுடையது. பேசினால் நீ போனை வைத்துவிடுவாய் என்று பயந்து எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் வானிலை நிலையத்தில் காலை எட்டரைக்கு வெப்பம், ஈரப்பதம், மழையளவு என்று குறித்தவன், ஓய்வு பெற்ற மறுநாள் எட்டரைக்குப் பேனாவும் கையுமாக வீடு முழுக்கச் சுற்றினேன், குறிக்க ஒன்றும் அகப்படவில்லை, கண்ணாடி முன்னால் நீ "ஐயோ, மறுபடியும் வந்துடுச்சு" என்று நெற்றிப் பருவைத் தடவிக்கொண்டிருந்தாய், "நெற்றி 2, தாடை 1, புழுக்கம்" என்று கை தானாக எழுதிவிட்டது, மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. தற்செயல் என்று விட்டிருக்க வேண்டும், விட்டேனா? வெயிலில் வியர்த்து வழிந்தால் மூக்கோரம், மழைக்கு முந்தின புழுக்கத்தில் நெற்றி, குளிரில் கன்னம் வறண்டு தோலுரிந்து அதற்கு நடுவில் ரெண்டு என்று ஒரு வருஷம் நோட்டுப் போட்டேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சலவைக் கடைக்காரரிடம் பெருமையடித்தேன், அவர் மாடி வீட்டு அக்காவிடம் சொன்னார், நீ இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று அவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் இப்படித் திரும்பும்மா. போர்வையெல்லாம் வெளியில காயப்போடலாமா?" என்று கேட்டுவிட்டார். நீ விழித்துக்கொண்டு நிற்க, "நெத்தியில ரெண்டு இருக்கு, உள்ளேயே போடுங்க" என்று அக்கா மாடியிலிருந்து தீர்ப்புச் சொன்னாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கைக்குட்டையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு போனாய். வேலை கிடைத்த ஒரே வாரத்தில் வீட்டையும் விட்டுப் போனாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். உனக்கு ஏதாவது வைத்தியம் கேட்கலாம் என்று போனேன், அவர் பாராட்டுவார் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்தேன், அதையும் ஒளிக்கவில்லை. பொறுமையாகப் புரட்டிவிட்டு, "சீசன் மாறும்போது சில பேருக்குத் தோல் இப்படித்தான் தடுமாறும் சார். குளிர்ல என்ன பண்ணாங்க?" என்றார். கிரீம் போட்டால் எண்ணெய் வழியும் என்று தடுத்து, சோப்புப் போட்டு அஞ்சு தடவை தேய்த்துக் கழுவச் சொன்னது நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கெடுத்ததே நீங்கதான். மெதுவா கழுவணும், குளிர்லயும் கிரீம் போடணும். அது இருக்கட்டும், இதுல தேதி இருக்கு, எண்ணிக்கை இருக்கு. அந்தப் பொண்ணு அன்னைக்கு எப்படி இருந்தாங்கன்னு ஒரு பக்கத்துலயும் இல்லையே சார்?" என்றார். பஸ்ஸில் வரும்போது முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். இல்லைதான். நீ எத்தனை நாள் கண்ணாடி முன்னால் அழுதிருப்பாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளம்மா.

நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சலவைக் கடைக்காரரை ரேடியோ கேட்கச் சொல்லிவிட்டேன். இனி உன் முகம் எனக்கு என் மகளின் முகம், அவ்வளவுதான். எண்ண மாட்டேன், குறிக்க மாட்டேன். ஒரு தடவை காட்டினால் போதும்.

வெயிலோ குளிரோ, நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பி.கு.: உன் விசிறி திங்கள் வரை இரண்டாம் வேகத்தில் ஓடியது, செவ்வாயிலிருந்து ஐந்து. அங்கே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது, வியர்த்தால் தேய்க்காமல் கழுவு. இது விசிறிதானே, முகமில்லையே என்றுதான் புது நோட்டு வாங்கினேன். நேற்று நீ போனை வைக்கும்போது ஒரு நொடி உன் நெற்றி தெரிந்தது. அம்மா அழுதேவிட்டாள். நான் சத்தியமாக எண்ணவில்லை. மூன்று. குடை எடுத்துக்கொண்டு போம்மா.