வயர் இல்லாத தராசு

பொறியியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த நேரத்தில் வசமாகச் சிக்கியது அத்தாவின் ஏலக்காய்த் தராசு (எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்).

கம்பம் ஊரில் அத்தாவுக்கு ஏலக்காய்க் கடை. தராசு உள்ளே கிடங்கில். எடையைக் காட்டும் சிவப்பு எண் பலகை வெளியே, தெருவைப் பார்த்து. மலையிலிருந்து சரக்கு கொண்டுவருபவர்கள் பக்கத்து டீக்கடையில் டீ குடித்தபடியே எடையைப் பார்த்துக்கொள்வார்கள். ஊரறியப் போடுவதுதான் எடை என்பது அத்தாவின் கொள்கை. தராசுக்கும் பலகைக்கும் நடுவே ஓடிய வயரைத்தான் எலிகள் ஓயாமல் கடித்தன.

"வயரே வேணாம் அத்தா. ரேடியோ மாட்யூல்னு இருக்கு. தீப்பெட்டி அளவுதேன், கொஞ்சூண்டு கரண்ட் போதும். தராசுல ஒண்ணு, பலகையில ஒண்ணு. எடை காத்துலயே போயிரும்."

அத்தா யோசித்தார். "சரி ஆத்தா. சரக்கு வர்ற அன்னைக்கு இது ஒழுங்கா ஓடட்டும், முன்னறைய ஒனக்கு ஒர்க்‌ஷாப் போடத் தாரேன். ஓடலைன்னா பேசாம பி.எட். சேந்துரு."

ஒர்க்‌ஷாப் என் கனவு. பி.எட். என் கெட்ட கனவு (ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க).

மாட்டினேன். ஓடியது. அந்தத் திமிரில், எதிர்க்கடை சிக்கந்தர் மாமாவின் தராசுக்கும் பலகைக்கும் அதேபோல் ஒரு ஜோடி மாட்டிக் கொடுத்தேன். அவர் ஆட்டு வியாபாரி. பக்ரீத் நெருங்கிவிட்டால் கிடாக்களை உயிரோடு நிறுத்துக் கிலோ கணக்கில் விற்பார். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி முகவரி எண் கொடுக்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. அதைப் படித்தேன் (எல்லாம் முடிந்த பிறகு). மாட்டும்போது, கம்பெனி போட்டு அனுப்பிய ஒரே எண்ணையே எல்லாவற்றிலும் விட்டுவைத்திருந்தேன்.

சரக்கு வரும் நாள். மலைமேல் வண்டன்மேட்டிலிருந்து வரும் மலையாளி ஜோசேட்டனின் மூட்டை தராசில் ஏறியது. பலகை ஐம்பது என்றது. பிறகு முப்பத்தொன்று. இருபத்தெட்டு. மறுபடி ஐம்பது.

ஜோசேட்டன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மோளே, என்டெ ஏலக்காய்க்கு ஜீவன் உண்டோ? துள்ளுந்நல்லோ!" (ஏலக்காய்க்கு உயிர் வந்து துள்ளுகிறதாம்.)

சிக்னல் போதவில்லை என்று முடிவுகட்டி, தராசிலிருந்த மாட்யூலின் பவரை முழுதாக ஏற்றினேன். எதிர்க்கடையில் யாரோ கத்தினார்கள்: "ஆட்ட எறக்கியாச்சு, எடை எறங்கலையே!" அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அத்தாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் தராசை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விறுவிறுவென்று கிடங்குக்குள் போனார்.

"மூட்டைய எறக்குங்கப்பா. நானே ஏறுறேன். என் எடை எழுபத்தஞ்சு கிலோ. எல்லாரும் பலகையப் பாருங்க!"

ஏறினார். பலகை தொண்ணூற்றிரண்டு என்றது. (எழுபத்தைந்து என்பது அம்மாவுக்குச் சொல்லிவந்த கணக்கு.)

அதே நேரம் எதிர்க்கடையிலிருந்து சிக்கந்தர் மாமாவின் குரல் தெருவையே அதிரவைத்தது.

"பாத்தீகளா! கிடான்னா இதுதேன் கிடா! தொண்ணூத்திரெண்டு கிலோ! இந்தக் கம்பத்துலயே இப்பிடி ஒண்ணு கெடையாது!"

அவர் தராசில் நின்றது பால்குடி மறந்த குட்டி. இரண்டு ஜோடிக்கும் ஒரே எண் என்பதால், நான் ஏற்றிவிட்ட பவரில் அத்தாவின் எடை குட்டியின் எடையை அமுக்கி மாமாவின் பலகையிலும் ஏறிவிட்டது.

உள்ளே அத்தா காலை மாற்றி வைத்தார். இரண்டு பலகைகளிலும் எண் ஒன்றுபோல அசைந்தது. டீக்கடையே இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது. முதலில் சிரித்தவர் ஜோசேட்டன்தான். சிரித்துச் சிரித்து, வெளியே கிடந்த தன் இன்னொரு மூட்டை மேலேயே சரிந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் மாமாவின் ஜோடிக்கு வேறு எண் கொடுத்தேன். ஜோசேட்டனின் மூட்டை மறுபடி ஏறியது. ஐம்பது. அசையவே இல்லை. அத்தா என் பக்கம் திரும்பாமலே எடையைச் சிட்டையில் எழுதினார். பி.எட். விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் முன்னறையில் கிடந்த சாக்குகளை அவரே வெளியே இழுத்துப் போட்டார்.

"அறைய எடுத்துக்க ஆத்தா. ஆனா ஒண்ணு, மொத வேலையா அத்தாவுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியிற மாதிரி ஒரு மெசினு செய்யி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ஒர்க்‌ஷாப் இன்றும் அந்த அறையில்தான் ஓடுகிறது. சிக்கந்தர் மாமாவும் ஒவ்வொரு பக்ரீத்துக்கும் வாசலில் நின்று, மிகுந்த மரியாதையோடு அம்மாவிடம் கேட்கிறார்:

"என்ன ஆத்தா, கிடா வீட்ல இருக்காகளா?"

அம்மாவும் சிரிக்காமல் பதில் சொல்கிறார்.

"இருக்காக. இப்பத்தேன் பிரியாணிக்கு உக்காந்தாக."